எதிர்க்கடைச் சார்ஜர்

வீரகேரளம்புதூர் தாலுகா ஆபீசுக்கு ஒரு வேலையாக வருகிறவர் அன்றைய பொழுதில் பாதியை ஊருக்கே கொடுத்துவிட வேண்டியதுதான். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, சாதிச் சான்று என்று சுற்றுப்பட்டுக் கிராமத்து ஆட்கள் காலை பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிடுவார்கள். அவர்களை நம்பித்தான் ஜெராக்ஸ் கடைகளும், மனு எழுதித் தருகிறவர்களும், இ-சேவை மையமும், டீக்கடைகளும். அந்த வரிசையில் செல்போனும் லேப்டாப்பும் பழுது பார்க்கிற சின்னக் கடை ஒன்று. வாசலில் கிடக்கும் மரப்பெஞ்சில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். என்ன வேலை என்று கேட்க மாட்டார்கள். அங்கே உட்கார்ந்தால் உள்ளே மெக்கானிக்கின் மேசையும் தெரியும், தெருவின் எதிர்ச்சாரியில் இருக்கும் செல்போன் சாமான் கடையும் தெரியும். தெரு அகலம் குறைவு. எதிர்க்கடைப் பேச்சு அப்படியே காதில் விழும்.

ஆனி மாதத்துக் காற்று. மேற்கே மலை மேகத்துக்குள் போயிருந்தது. குற்றாலத்தில் சீசன் சூடுபிடித்துவிட்டால் இந்தப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் சாரலைவிடக் காற்றுதான் அதிகம் வந்து சேரும். எதிர்க்கடையில் கயிற்றில் தொங்கும் போன் கவர்கள் ஓயாமல் படபடத்துக்கொண்டிருந்தன. அரைமணிக்கு ஒருதரம் கரண்ட் போய்ப் போய் வந்தது.

மஞ்சப்பையோடு ஒரு பெண் படியேறினார். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். விரல் நுனிகளில் பீடித்தூள் ஏறிய மங்கல் நிறம். பின்னால் கல்லூரியில் படிக்கிற வயதில் மகன். பையிலிருந்து வெளியே வந்தது அரசாங்கம் கொடுத்த லேப்டாப். மூடியில் இருந்த படமும் எழுத்தும் தேய்ந்து பாதிதான் மிச்சம். 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைத்த லட்சக்கணக்கான மடிக்கணினிகளில் அதுவும் ஒன்று. அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்தது. அக்கா கல்யாணமாகிப் போனபின் தம்பி கைக்கு வந்திருக்கிறது. இந்தப் பக்கம் பல வீடுகளில் கம்ப்யூட்டர் என்றால் அது ஒன்றுதான்.

“நேத்து ராத்திரி சார்ஜ் போட்டோம் தம்பி. கொஞ்ச நேரத்துல ஒரு கருகல் வாடை. அம்புட்டுதான். ஆன் ஆவ மாட்டேங்கு.”

மெக்கானிக் லேப்டாப்பைத் தொடவே இல்லை. “சார்ஜரைக் கொண்டாந்தியளா?” என்றார்.

பையன் எடுத்துக் கொடுத்தான். புதுக்கறுப்பு. வயரில் கட்டியிருந்த பிளாஸ்டிக் முடிச்சின் மடிப்புத் தடம்கூட இன்னும் போகவில்லை. பழைய சார்ஜரின் வயர் பிய்ந்துபோனதால் எதிரே அண்ணாச்சி கடையில் வாங்கியதாம். நானூற்றைம்பது ரூபாய்.

“எப்படிப் பாத்துக் குடுத்தாவ?”

“லேப்டாப்பைக் கொண்டுபோனோம். ஒவ்வொண்ணா சொருகிப் பாத்தாரு. இது சேந்துச்சு, குடுத்தாரு.”

கடைத்தெருவில் லேப்டாப் சார்ஜர் விற்கிற முறையே இதுதான். பின் சேர்ந்தால் சார்ஜர் சேர்ந்தது. வோல்ட் எத்தனை, ஆம்பியர் எத்தனை என்று லேப்டாப்பின் அடிப்பக்க ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் எழுதியிருக்கும். விற்கிறவரும் பார்ப்பதில்லை, வாங்குகிறவரும் பார்ப்பதில்லை. இங்கே அந்தப் பொருத்தம்கூடச் சரியாகவே இருந்தது. சார்ஜரின் மேல் 19 வோல்ட் என்று அச்சிட்டிருந்தது. லேப்டாப் கேட்டதும் 19தான். மெக்கானிக் சார்ஜரைப் பிளக்கில் சொருகி, மல்ட்டிமீட்டரின் சிவப்பு ஊசியைப் பின்னின் உள்துளையிலும் கறுப்பு ஊசியை வெளி வளையத்திலும் வைத்தார். எண் 19-இல் நிற்கவில்லை. 24, 26, 27 என்று ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. அவர் ஒன்றும் சொல்லாமல் மீட்டரைப் பையன் பக்கம் திருப்பிக் காட்டினார்.

பிறகுதான் லேப்டாப்பைக் கவிழ்த்தார். திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் காந்தத் தட்டில் வைத்தார். போர்டில், சார்ஜர் பின் வந்து சேருமிடத்துக்குப் பக்கத்தில், அரிசி அளவுக்கு ஒரு கறுப்புச் சதுரம். அதைச் சுற்றிப் பழுப்பு வளையம். ஊசியை வைத்ததும் மீட்டர் விடாமல் கத்தியது.

“சார்ஜிங் ஐசி போயிட்டு. அதோட நின்னுருந்தா மாத்திப்புடலாம். மெயின் லைன்லயும் ஷார்ட் காட்டுது. போர்டு தேறுமான்னு பாத்துத்தான் சொல்லணும்க்கா.”

சார்ஜர் என்பது சுவரில் வரும் 230 வோல்ட்டை வாங்கி, கருவி தாங்குகிற அளவுக்குக் குறைத்துக் கொடுக்கிற காவல். உள்ளே இரண்டு பக்கம். ஒரு பக்கம் ஆளைக் கொல்லக்கூடிய மின்சாரம், மறுபக்கம் கை பட்டாலும் ஒன்றும் செய்யாத மின்சாரம். இரண்டுக்கும் நடுவில் சில மில்லிமீட்டர் இடைவெளி, ஒரு டிரான்ஸ்பார்மர், வெளியே போகும் வோல்ட்டைப் பார்த்துப் பார்த்து ‘கூடிவிட்டது, குறை’ என்று உள்பக்கத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும் ஒரு சின்னச் சுற்று. நல்ல சார்ஜரில் அந்தச் சுற்று கெட்டாலும் வோல்ட் எல்லை மீறினால் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிற இன்னொரு பாதுகாப்பு இருக்கும். விலையைக் குறைக்கிறவர் முதலில் கைவைப்பது இந்தக் கண்ணுக்குத் தெரியாத இடங்களில்தான். வெளியே அதே கறுப்புப் பெட்டி, அதே எழுத்து, அதே பின். 2016-இல் யு.எல். என்ற அமெரிக்கப் பாதுகாப்புச் சோதனை நிறுவனம் ஆப்பிள் பெயரில் வந்த 400 போலி சார்ஜர்களைச் சோதித்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் தேறவில்லை. அவற்றில் 12, ஆளுக்கே உயிராபத்து தரக்கூடியவை. லேப்டாப்போடு நின்றது இந்த வீட்டுக்கு நல்ல காலம்.

அம்மாவும் பையனும் தெருவைக் கடந்து எதிர்க்கடைக்குப் போனார்கள்.

கடைக்காரர் ஐம்பதைத் தாண்டியவர், நெற்றியில் திருநீறு. முகம் கடுகடுப்பில்லாத முகம். அந்தப் பெண்ணை அவருக்குத் தெரிந்திருந்தது. “என்ன யக்கா, சரியா இருக்கா?” என்று சிரித்துக்கொண்டுதான் கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு குறைந்தது.

“கரண்டு ஏத்த எறக்கமா வந்திருக்கும் யக்கா. காத்துக் காலம்லா.”

“வீட்டுல டிவி, பிரிட்ஜு எல்லாம் நல்லாத்தான ஓடுது அண்ணாச்சி.”

“அது வேற, இது வேற. லேப்டாப்பும் பழசு. அதுவே ஷார்ட்டாகி சார்ஜரை இழுத்திருக்கும்.”

“தம்பி மீட்டர் வச்சுப் பாத்தான். சார்ஜருதாங்கான்.”

“எலெக்ட்ரானிக் சாமானுக்குக் கேரண்டி கெடையாதுன்னு போர்டுலயே எழுதிப் போட்டிருக்கோம்லா.”

போட்டிருந்தார். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று கல்லாவுக்கு மேலே, சாமி படத்துக்குக் கீழே.

கரண்ட் காரணம் இந்த வியாபாரத்தில் எல்லாரும் சொல்வது. ஆனால் அந்தச் சார்ஜரின் முதுகிலேயே 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் என்று அச்சிட்டிருக்கிறது. வீட்டு மின்சாரம் கூடிக் குறைந்து வந்தாலும் லேப்டாப்புக்குச் சீராகக் கொடுப்பேன் என்பதுதான் அது விலைக்கு விற்ற வாக்குறுதி. போர்டில் எழுதிய வாசகமோ எழுதினவரோடு நிற்கிறது. சட்டத்தின் முன்னால் அதற்குப் பலம் இல்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பதை நேர்மையற்ற வணிகம் என்று அது பெயர் சொல்லியே வைத்திருக்கிறது. பில் கொடுக்காததும் அதே பட்டியலில் சேரும்.

அந்தப் பெண் சத்தம் போடவில்லை. போகவும் இல்லை. கல்லா மேசையில் சார்ஜரை வைத்துவிட்டு நின்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கடைக்காரர் இறங்கி வந்தார்.

“சரி யக்கா, நம்ம ஆளுவளாப் போயிட்டிய. வேற ஒண்ணு தாரேன். காசு வேண்டாம். பழசை இங்கன குடுத்திருங்க.”

அந்த அம்மாவின் முகம் தெளிந்துவிட்டது. அதற்காகத்தான் வந்திருக்கிறார். நானூற்றைம்பது ரூபாய் வீணாகவில்லை என்பதே அவருக்குப் பெரிய காரியம். ஆயிரம் பீடி சுற்றினால் என்ன கிடைக்கும் என்று கணக்குத் தெரிந்த எவருக்கும் அந்த முகம் புரியும். எதிர்க்கடை மேசையில் வயிறு திறந்து கிடக்கும் லேப்டாப்பைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. அதைக் கேட்கலாம் என்பதே அவருக்குத் தெரியாது. சும்மா கிடைத்த பொருள், கெட்டுப்போயிற்று, யாரைக் கேட்பது?

சார்ஜரை நகர்த்திக் கொடுக்கக் கை போனபோது, பக்கத்தில் மவுஸ் வாங்க நின்ற பெண் பேசினாள். இரண்டு கடை தள்ளி இருக்கிற இ-சேவை மையத்தில் வேலை செய்கிறவள். காலையிலிருந்து ராத்திரிவரை ஊராருடைய மனுக்களை ஆன்லைனில் ஏற்றுகிறவள்.

“அக்கா, அதைக் குடுத்துராதீய.”

“ஏம்மா, நான் மாத்தித் தாரேன்னுதானே சொல்லுதேன்” என்றார் கடைக்காரர்.

“மாத்தித் தாங்க அண்ணாச்சி, வேண்டாங்கல. எரிஞ்சது அவங்ககிட்டயே கெடக்கட்டும். லேப்டாப்பு போனதுக்கு அது ஒண்ணுதான சாட்சி.”

அவள் சார்ஜரை எடுத்துத் திருப்பினாள். கண்ணுக்கு எட்டாத எழுத்து. போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தாள். மூலையில் ‘ஆர்’ என்று தொடங்கி எட்டு இலக்க எண் ஒன்று அச்சிட்டிருந்தது. அது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண். மின்னணுச் சாமான்களுக்குக் கட்டாயப் பதிவு வேண்டும் என்று 2012-இல் மத்திய அரசு உத்தரவு போட்டது. பட்டியல் பிறகு நீண்டுகொண்டே போய், அடாப்டர், பவர் பேங்க், பேட்டரி எல்லாம் அதற்குள் வந்துவிட்டன. பதிவில்லாமல் செய்வதும், இறக்குமதி செய்வதும், விற்பதும் குற்றம். அந்த எண் உண்மையா என்று பார்க்க அமைவனமே ‘பி.ஐ.எஸ். கேர்’ என்று ஒரு செயலி வைத்திருக்கிறது. அவள் எண்ணைத் தட்டினாள். திரையில் வேறொரு கம்பெனி பெயர் வந்தது. பொருளும் வேறு. சார்ஜர் பெட்டியில் இருந்த பிராண்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

கடைக்காரர் அந்தத் திரையை எட்டிப் பார்த்தார். பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தயாரித்தவர் பெயர் இல்லை. இறக்குமதி செய்தவர் முகவரி இல்லை. அதிகபட்ச விலை போட வேண்டிய இடத்தில் வெறும் கட்டம். பொட்டலத்தில் விற்கும் எந்தப் பொருளிலும் இவையெல்லாம் இருக்க வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகள் சொல்கின்றன. தமிழ்நாட்டில் அதைக் கவனிக்க வேண்டியது தொழிலாளர் துறை. அந்தப் பெட்டி இத்தனை நாள் அவர் கடை ஆணியில்தான் தொங்கியிருக்கிறது.

“நானும் காசு குடுத்துத்தான் வாங்குதேன்” என்றார். குரல் இறங்கியிருந்தது. “வாரத்துக்கு ஒருக்க பைக்குல கொண்டாந்து போடுதான். அவன் எனக்கு எங்க பில்லு தாரான்?”

இந்த இடத்தில்தான் விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தின் ஆறாம் அத்தியாயம், 82 முதல் 87 வரையிலான பிரிவுகள், ‘பொருளால் நேர்ந்த கேட்டுக்குப் பொறுப்பு’ என்ற புதிய வழியைத் திறந்தது. 1986-ஆம் ஆண்டுப் பழைய சட்டத்தில் இப்படித் தனி அத்தியாயம் கிடையாது. குறையுள்ள ஒரு பொருள் உங்கள் உடம்புக்கோ, அந்தப் பொருளைத் தவிர்த்த உங்கள் மற்ற சொத்துக்கோ சேதம் செய்தால் நஷ்டஈடு கேட்கலாம். சார்ஜர் செத்தது சார்ஜரின் குறை. அதற்கு மாற்றோ பணமோ கேட்பது பழைய வழி. சார்ஜர் லேப்டாப்பைக் கொன்றது ‘மற்ற சொத்துக்குச் சேதம்’. அதற்குத்தான் இந்தப் புதிய வழி. லேப்டாப் சும்மா கிடைத்ததா, விலைக்கு வாங்கியதா என்பது இங்கே கேள்வியே இல்லை. விலை கொடுத்து வாங்கிய பொருள் சார்ஜர். வாங்கினவர் சம்மதத்தோடு பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான் என்று சட்டம் சொல்வதால், அம்மா வாங்கி மகன் சொருகியதும் குறுக்கே வராது.

யார் பொறுப்பு? முதலில் தயாரித்தவர். தன் பக்கம் கவனக்குறைவு இல்லை என்று அவர் காட்டினாலும் தப்ப முடியாது. விற்றவரைப் பொறுத்தவரை 86-ஆம் பிரிவு சில நிலைமைகளைச் சொல்கிறது. தயாரிப்பாளர் கொடுக்காத உறுதியைத் தானாகக் கொடுத்திருந்தால் அவர் பொறுப்பு. பொருளை மாற்றியமைத்து விற்றிருந்தால் அவர் பொறுப்பு. இவற்றோடு ஒன்று: தயாரித்தவர் யாரென்றே தெரியாவிட்டால், தெரிந்தும் அவருக்கு நோட்டீஸ் சேர்க்க முடியாவிட்டால், அல்லது இந்தியச் சட்டம் அவரை எட்டாவிட்டால், விற்ற கடைக்காரரே முழுப் பொறுப்பையும் ஏற்க வேண்டும். பெயரில்லாத பெட்டியைக் கடையில் தொங்கவிடுகிறவர், அதைச் செய்த முகம் தெரியாத ஆலைக்காரரின் இடத்தில் தானே போய் நின்றுகொள்கிறார். நானூற்றைம்பது ரூபாய்ச் சார்ஜரில் அவருக்கு லாபம் நூறோ நூற்றைம்பதோ இருக்கலாம். அதற்கு அவர் தாங்குகிற ஆபத்து எத்தனை மடங்கு என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. இந்தக் கடைக்காரரைக் கெட்டவர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. பைக்கில் வருகிறவன் தப்பிக்கிறான், அவனுக்குச் சரக்கு இறக்குகிறவன் தப்பிக்கிறான். அகப்படுகிறவர் ஊரில் கடை வைத்து, முகம் காட்டி, சாயங்காலம் அதே தெருவில் நடக்கிற இவர்தான்.

பெயர் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு பழைய சம்பவம் நினைவுக்கு வருகிறது. 2007 ஆகஸ்டில் நோக்கியா, பி.எல்.-5சி என்ற தன் பேட்டரியில் கோளாறு இருக்கலாம் என்று அறிவித்தது. 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை ஜப்பானின் மட்சுஷிட்டா செய்து கொடுத்தவை, 4.6 கோடி பேட்டரிகள். சூடேறிய சம்பவங்கள் உலகம் முழுக்க நூறு அளவில்தான் வந்திருந்தன. ஆனாலும் எண்ணைச் சொல்லுங்கள், மாற்றித் தருகிறோம் என்றார்கள். நம் ஊர்களிலும் அப்போது ஆளாளுக்குப் போனின் முதுகைத் திறந்து, பேட்டரியில் இருந்த எண்ணைப் படித்துப் பார்த்தார்கள். பேட்டரியின் மேல் பெயரும் எண்ணும் இருந்ததால் அது முடிந்தது. ஆணியில் தொங்கிய இந்தச் சார்ஜரில் கோளாறு என்று நாளைக்குத் தெரியவந்தாலும் திரும்ப அழைக்க ஆள் கிடையாது. இதே பெட்டிகள் சுரண்டையிலும் பாவூர்ச்சத்திரத்திலும் தென்காசியிலும் எத்தனை ஆணியில் தொங்குகின்றனவோ.

விவரம் தெரிந்தவர்கள் ஏமாறமாட்டார்கள் என்றும் நினைத்துவிட வேண்டாம். கூகுளில் பொறியாளராக இருந்த பென்சன் லியுங், இணையத்தில் விற்கும் டைப்-சி கேபிள்களை ஒவ்வொன்றாகத் தன் காசில் வாங்கிச் சோதித்து, எது நல்லது எது கெட்டது என்று எழுதிவந்தார். 2016 பிப்ரவரியில் ஒரு கேபிளைச் சொருகிய உடனேயே அவருடைய சோதனைக் கருவிகளும் லேப்டாப்பும் போயின. ஆராய்ந்து பார்த்தபோது, மின்சாரம் போகவேண்டிய கம்பியும் தரைக்கம்பியும் உள்ளே இடம் மாற்றிச் சேர்க்கப்பட்டிருந்தன. வெளியிலிருந்து பார்த்து அதை யாராலும் சொல்லியிருக்க முடியாது. அவர் அந்தக் கேபிளைத் தூக்கி எறியாமல், எந்தக் கம்பி எங்கே போயிருக்கிறது என்று விவரமாக எழுதி வெளியிட்டார். அடுத்த மாதமே அமேசான், தரத்துக்கு ஒவ்வாத டைப்-சி கேபிள்களைத் தன் தளத்தில் விற்கக்கூடாது என்று விதி கொண்டுவந்தது. கெட்டுப்போன பொருள் கையில் இருந்ததால் நடந்த காரியம் அது.

எதிர்க்கடையில் பேச்சு வேறு திசைக்குப் போயிருந்தது.

“பில் குடுத்தியளா அண்ணாச்சி?”

“இதுக்கெல்லாம் யாரும்மா பில்லு கேக்கா?”

“காசா குடுத்திய?” என்று பையனைக் கேட்டாள் இ-சேவைப் பெண்.

“ஜிபே.”

“எடு.”

பையன் போனைத் துழாவிக் காட்டினான். தேதி, நேரம், கடையின் பெயர், 450 ரூபாய். பணம் வந்தால் கல்லா மேசையில் இருக்கிற சின்னப் பெட்டி ஊருக்கே கேட்கிற மாதிரி அறிவிக்கும். அது அறிவித்த அத்தனையும் போனுக்குள் பதிந்து கிடக்கிறது. பில் இல்லையென்றால் வழக்கே இல்லை என்பது பலரும் நம்புகிற ஒன்று. பில் இருந்தால் வேலை லேசு. இல்லாதபோது வாங்கினதைக் காட்ட வேறு சான்று இருந்தால் அதை வைத்தும் பேசலாம். அந்தப் பணப் பதிவு அப்படியொரு சான்று.

கடைக்காரர் மேசைக்கடியிலிருந்து ஒரு பில் புத்தகத்தை எடுத்தார். தூசி தட்டினார். கார்பன் தாளைச் சரிசெய்துகொண்டு, வாங்கிய தேதியைப் போட்டு, ‘லேப்டாப் சார்ஜர் ஒன்று’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கிழித்துக் கொடுத்தார். யாரும் அவரை அதட்டவில்லை. “ஏ யக்கா, லேப்டாப்பு செலவு எம்புட்டுன்னு அந்தத் தம்பிகிட்ட கேட்டுட்டு வாங்க. சரக்கு போடுதவன் வரட்டும், அவன்கிட்டயும் கேக்கேன்” என்றார். முழுசாகக் கொடுப்பேன் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அந்த அம்மா மாற்றுச் சார்ஜரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் அங்கே பார்த்ததில் அதுதான் எனக்கு மிகவும் பிடித்த காரியம். அதே ஆணியிலிருந்து எடுத்த இன்னொரு பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்வது?

திரும்பி வந்து மெக்கானிக்கிடம் ஒரு தாள் கேட்டார்கள். அவர் முதலில் தயங்கினார். எதிர்க்கடைக்காரர் நாளைக்கும் முகத்தில் விழிக்க வேண்டியவர். பிறகு தன் கடைப்பெயர் அச்சிட்ட தாளில், சார்ஜரில் எழுதியிருக்கிற வோல்ட் இவ்வளவு, அளந்தபோது காட்டியது இவ்வளவு, போர்டில் போனது இன்னது, சரிசெய்ய ஆகும் தொகை இவ்வளவு என்று எழுதிக் கொடுத்தார். மீட்டரில் ஊசி வைத்தபடி பையன் ஒரு வீடியோவும் எடுத்துக்கொண்டான். எழுதிக் கொடுப்பதற்கு மெக்கானிக் காசு வாங்கவில்லை.

இனி அவர்கள் என்ன செய்யலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து போகிற பலருக்கும் இது உதவும். கடைக்காரர் சொன்ன வார்த்தைப்படி நடந்தால் எல்லாம் அங்கேயே முடிந்துவிடும், அதுவே நல்லது. நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அதற்கும் மசியாவிட்டால், என்ன நடந்தது, என்ன கேட்கிறோம் என்று ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொண்டு, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு மனுக் கொடுக்கலாம். கடை எந்த ஊரில் இருந்தாலும், இணையத்தில் வாங்கியிருந்தாலும், வாங்கினவர் குடியிருக்கிற மாவட்டத்திலேயே கொடுக்கலாம். இது 2019 சட்டம் கொடுத்த சலுகை. வக்கீல் கட்டாயம் இல்லை. 2025 தொடக்கத்திலிருந்து ‘இ-ஜாக்ரிதி’ தளத்தில் வீட்டிலிருந்தே மனுவை ஏற்றலாம். இ-சேவை மையத்துப் பெண்ணுக்கு அது இன்னொரு மனு.

மறுதரப்பு ‘சார்ஜர் நல்ல சார்ஜர்தான்’ என்று சாதித்தால், ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதித்துப் பார்க்கச் சொல்லலாம். 45 நாளில் அறிக்கை வர வேண்டும். சோதனை தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்துக்குள்ளும், தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்துக்குள்ளும் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நடைமுறையில் இழுத்தடிப்பு உண்டு. நாலாயிரம், ஐயாயிரம் ரூபாய் இழப்புக்கு ஒரு பீடித் தொழிலாளி எத்தனை வாய்தா அலைய முடியும்? நீதியின் விலை அந்த அலைச்சலாக இருக்கக்கூடாது. காணொளி மூலம் விசாரணைக்கு வர இந்தச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. அதை இப்படிப்பட்ட சின்ன வழக்குகளில்தான் ஆணையங்கள் தாராளமாகப் பயன்படுத்த வேண்டும்.

எதுவரை கேட்கலாம் என்பதிலும் கணக்கு வேண்டும். பழைய லேப்டாப்புக்குப் புது லேப்டாப்பின் விலையைக் கேட்பது நியாயம் ஆகாது. பழுதுச் செலவு, தேறாது என்றால் அதன் இன்றைய மதிப்பு, சார்ஜரின் விலை, பட்ட மனவுளைச்சலுக்கு ஒரு தொகை, வழக்குச் செலவு. லேப்டாப் இல்லாததால் வருமானம் போயிற்று என்ற கணக்கு ஆறாம் அத்தியாயத்தின் வழியில் எடுபடாது. வேறு வோல்ட் சார்ஜரைத் தானே தேர்ந்து சொருகியிருந்தாலோ, பிரித்து ஒட்டுப்போட்டிருந்தாலோ, மறுதரப்பு அதைச் சொல்லித் தப்பிக்கவும் 87-ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. புதுப் போனாக இருந்து, கம்பெனி சர்வீஸ் சென்டர் ‘வெளிச் சார்ஜர் போட்டீர்கள், வாரண்டி கிடையாது’ என்று கைவிரித்தால், அங்கே மல்லுக்கு நிற்பதைவிட அந்த மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். சார்ஜர் விற்றவரிடம் கேட்பதற்கு அதுவே ஆதாரம் ஆகும். இணையக்கடை என்றால், புகாரை 48 மணி நேரத்தில் ஏற்றுக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன.

போன் பெட்டியில் சார்ஜர் வராத காலம் இது. 2020 அக்டோபரில் ஆப்பிள் தொடங்கிவைத்தது, மற்றவர்களில் பலர் பின்தொடர்ந்தார்கள். சார்ஜரைத் தனியே வாங்குவது இனி ஏறக்குறைய எல்லார் வீட்டிலும் நடக்கப்போகிறது. வாங்கும்போது பெட்டியில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் முகவரி இருக்கிறதா, ‘ஆர்’ எண் இருக்கிறதா என்று பாருங்கள். கடை வாசலிலேயே அந்த எண்ணைச் செயலியில் போட்டுப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகாது. லேப்டாப் என்றால் பின்னை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம், வோல்ட்டை ஒத்துப் பாருங்கள். பில் கேளுங்கள். கடைக்காரர்களுக்கும் இதே வேண்டுகோள்தான்: பில் தராதவனிடம் சரக்கு எடுக்காதீர்கள், அவன் காணாமல் போகிற அன்றைக்கு அவன் பாரம் முழுக்க உங்கள் தலையில்தான் இறங்கும். ஏதாவது கருகிவிட்டால் உடனே பிளக்கைப் பிடுங்குங்கள், மறுபடி சொருகிப் பார்க்க வேண்டாம். கருகிய சார்ஜரையும் அதன் பெட்டியையும் யார் கேட்டாலும் கொடுத்துவிடாமல் பத்திரமாக வையுங்கள். சேதம் நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனுக் கொடுக்கலாம். வாங்கிய பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய்வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.